கொள்ளை நோய்க் காலம் நமக்குக் கற்பித்தவை

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஒரு சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருப்பது சிறிய செயலன்று. நம்மவர் தொடங்கிய சங்கங்கள் பல, பெயர்ப்பலகையின் வண்ணம் மங்குமுன்னே மறைந்து போயின. கீற்றுக் கொட்டகையில் ஒரே ஒரு குண்டு பல்பின் கீழ் இரவுப் பள்ளியாகப் பிறந்த இச்சங்கம், இன்று சொந்தக் கட்டடமும் சிறு நூலகமும் கொண்டு வெள்ளி விழாக் காண்கிறது. கூலி வேலைக்குச் சென்று வந்த காசில் மாதந்தவறாமல் சந்தா கட்டிய உங்கள் தாய் தந்தையரே அதற்குக் காரணம். முதற்கண் அவர்களை வணங்குகிறோம்.

விழாக் குழுவினர் சங்கத்தின் சாதனைகளைப் பற்றிப் பேசுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டனர். சாதனைகளைச் செயலாளர் தம் அறிக்கையில் படித்துவிட்டார். ஆகவே நாம் வேறொன்றைப் பேச விரும்புகிறோம். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம்மை மிகக் கடுமையாகச் சோதித்த காலம் எது? கொரோனா என்னும் கொள்ளை நோய் பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளே. அக்காலத்தில் நாம் செய்த நல்லவற்றையும், செய்யத் தவறியவற்றையும், செய்த பிழைகளையும் நினைவுகூர்வது, சாதனைப் பட்டியல் படிப்பதைவிடப் பயன் தரும் என்று எண்ணுகிறோம். துன்பம் தீர்ந்தவுடன் அதனை மறந்துவிடுவது மனித இயல்பு. மறந்தவர்களுக்கோ அடுத்த துன்பம் வரும்போதும் முதல் துன்பமாகவே தோன்றும்.

நோய் எங்கே மிகுதியாகக் கொல்கிறது?

இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி 2020 சனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். தமிழ்நாட்டில் மார்ச் 7 அன்று முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என்று கூறியது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. 2023 மே 5 அன்றுதான் உலகளாவிய அவசர நிலை முடிவுற்றதாக அந்நிறுவனம் அறிவித்தது. அரசு கணக்கின்படி மட்டும் இந்நாட்டில் 5 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் மாண்டோர் 38 ஆயிரத்துக்கும் மேல்.

"நோய்க்குச் சாதியில்லை, மதமில்லை, ஏழை பணக்காரன் இல்லை" என்று அந்நாளில் எல்லாரும் பேசினர். கிருமியைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் கிருமி நுழையும் வீடு எத்தகையது என்பதில் வேறுபாடு உண்டு.

இதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூறுவோம். நூறாண்டுகளுக்கு முன், 1918ஆம் ஆண்டில், இன்புளுயன்சா என்னும் கொடிய சளிக்காய்ச்சல் உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பம்பாய் நகரில் இறந்தோரை அந்நாளைய சுகாதாரத் துறை சமூக வாரியாகக் கணக்கெடுத்தது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3 பேர் இறந்தனர்; பிற இந்துக்களில் 18.9 பேர், தாழ்ந்த சாதியார் என்று அக்கணக்கேடு குறித்த மக்களில் 61.6 பேர்! ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே நோய். எனினும் ஒருவர் இறந்த இடத்தில் நம்மவர் ஏழெட்டுப் பேர் இறந்தனர். நம் உடம்பில் குறை ஏதுமில்லை. நெருக்கமான குடிசை, போதாத உணவு, எட்டாத மருத்துவம், ஓய்வெடுக்க முடியாத கூலி வேலை ஆகியவையே அக்குறை.

2020ஆம் ஆண்டில் நம் தெருவின் நிலை என்ன? "வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் தனி அறையில் இருங்கள்" என்றார்கள். ஒரே அறையுள்ள வீட்டில் ஆறு பேர் வாழும்போது தனி அறைக்கு எங்கே போவது? "அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்" என்றார்கள். அது மிக நல்ல அறிவுரை. இக்கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதனைக் கரைத்துவிடும். ஆனால் தெருக்குழாயில் இரண்டு நாளைக்கொரு முறை வரும் நீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் தாய், குடிக்க வைத்த நீரைக் கைகழுவ எடுப்பாளா?

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரருந்தினார் என்பதைப் பாடமாகப் படிக்கிறோம். அதனை ஒரு மானப் போராட்டம் என்று மட்டும் நாம் எண்ணியிருந்தோம். நீருரிமை என்பது உயிருரிமையும் ஆகும் என்பதை இந்நோய்தான் நமக்கு உணர்த்திற்று. ஊரடங்கு தளர்ந்தபின் நம் இளைஞர்கள் கிராம சபையில் எழுந்து நின்று, "எங்கள் தெருவுக்கும் நாள்தோறும் நீர் வேண்டும்" என்று கேட்டு, எழுதிக் கொடுத்து, மூன்றாம் முறையில் பெற்றனர். சங்கத்தின் சாதனைகளுள் முதலாவதாக நாம் எழுதுவது அதனையே.

முள்வேலியும் நம் கதவுகளும்

அந்நாளில் எங்கும் ஒலித்த சொல் "சமூக இடைவெளி" என்பது. அச்சொல்லைக் கேட்டபோது நம் பெரியவர்கள் சிலர் கசப்பாகச் சிரித்தனர். "நமக்கு இது புதிதா?" என்றார் ஒரு பாட்டியார். தூர நில், தொடாதே, வேறு குவளையில் குடி என்பவற்றை நோயில்லாத காலத்திலேயே கேட்டு வளர்ந்தவர் அவர். உலக நலவாழ்வு நிறுவனமே பின்னர், சமூக இடைவெளி என்பதைவிட உடல் இடைவெளி என்பதே பொருத்தம் என்று கூறியது. உடலால் விலகியிருந்தாலும் உள்ளத்தாலும் உறவாலும் சேர்ந்தே இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்விரண்டு விலகலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக உணர்தல் வேண்டும். நோய்க்காக விலகுவது இருவரையும் காப்பது, சில நாட்களில் முடிவது, பிறப்பைப் பாராதது. தீண்டாமை ஒருவரை மட்டும் தாழ்த்துவது, முடிவில்லாதது, பிறப்பை மட்டுமே பார்ப்பது. முன்னது அறிவு, பின்னது அறியாமை. ஆனால் அச்சம் மிகும்போது, அறிவின் பெயரைச் சொல்லிக்கொண்டு அறியாமை உள்ளே நுழைந்துவிடுகிறது. நம் ஊரிலும் அதுவே நேர்ந்தது.

2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களும் கடைகளில் வேலை செய்தவர்களும் விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ள தம் ஊர்களுக்குத் திரும்பினர். நம் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் காய்கறி லாரியில் ஏறியும் எஞ்சிய தொலைவு நடந்தும் ஓர் இரவில் வந்து சேர்ந்தனர். மறுநாள் விடிந்தபோது, ஊருக்கும் நம் தெருவுக்கும் இடையிலுள்ள பாதையில் வேலிகாத்தான் முள் வெட்டிப் போடப்பட்டிருந்தது. கடைக்கும் போகவொட்டாமல், ரேஷன் கடைக்கும் போகவொட்டாமல் நாம் தடுக்கப்பட்டோம். அதே ஊரின் மேலத்தெருவுக்கும் சென்னையிலிருந்து நால்வர் வந்திருந்தனர். அங்கே முள் விழவில்லை.

இதனை நாம் பல மேடைகளில் கூறியிருக்கிறோம். இதுவரை கூறாத ஒன்றை இன்று கூறுதல் வேண்டும். அந்த ஒன்பது பிள்ளைகளும் தெருவுக்குள் வந்த இரவில், நம் வீட்டுக் கதவுகளும் திறக்கவில்லை. பெற்ற தாய் கூடத் தயங்கினாள். "எங்காவது போய் இருங்கள்" என்று நம்மவரே குரல் கொடுத்தனர். அக்குரல்களில் நம் குரலும் ஒன்று. முள் வெட்டிப் போட்டவர்களை நோக்கி விரல் நீட்டிய நாம், ஊர் முள்ளை வைக்குமுன் நம் மனத்தில் முள் வைத்துவிட்டோம்.

அந்நேரத்தில் வழி காட்டியவர்கள் இச்சங்கத்தின் இளைஞர்கள் நால்வர். அவர்கள் எவரையும் ஏசவில்லை. இரவுப் பள்ளிக் கட்டடத்தைத் திறந்தனர். இடைவெளி விட்டுப் பாய் விரித்தனர். வாசலில் நீர்த்தொட்டியும் சோப்பும் வைத்தனர். கிராம நிர்வாக அலுவலருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் அன்றிரவே தொலைபேசியில் செய்தி சொல்லினர். ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு வீட்டிலிருந்து உணவு வாங்கி வாசலில் வைத்தனர். பதினான்கு நாட்கள் அவ்வாறு நடந்தது. ஒன்பது பேரில் இருவருக்கு நோய் இருந்தது. தெருவில் வேறு எவருக்கும் பரவவில்லை. முள்ளைப் பற்றி வட்டாட்சியருக்கு முறைப்படி மனு எழுதினர். இரண்டாம் நாள் முள் அகற்றப்பட்டது. கைகலப்பு இல்லை, காவல் நிலையம் இல்லை. அறிவும் அன்பும் ஒரு தாளும் பேனாவும் போதுமாயின.

இவ்விடத்தில் ஓர் அம்மையாரை நினைவுகூர்வோம். 1848இல் புனே நகரில் தம் கணவர் சோதிராவ் புலேயுடன் சேர்ந்து பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே அவர். 1897இல் அந்நகரைப் பிளேக் நோய் தாக்கியபோது அவருக்கு வயது 66. மருத்துவரான தம் வளர்ப்பு மகனுடன் சேர்ந்து நோயாளிகளைப் பேணினார். தீண்டத்தகாதவர் எனப்பட்ட மகார் வகுப்பைச் சேர்ந்த நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அந்நோயே அவரைத் தொற்றியது. மார்ச் 10 அன்று உயிர் நீத்தார். கல்வி கற்பித்தவர் நோய்க்காலத்தில் தெருவுக்கு வந்தார். நம் இளைஞர் நால்வரும் அவரைப் படித்திருந்தார்களோ இல்லையோ, அவர் நடந்த பாதையில் நடந்தனர்.

வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்

இனி நம் தொழிலைப் பற்றிக் கூறுவோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வு நீக்கப்பட்டு அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டது. 2021 சனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும் திறக்கப்பட்டு, இரண்டாம் அலையால் மீண்டும் மூடப்பட்டன. செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்புக்கு மேலும், நவம்பர் 1 முதல் ஒன்று முதல் எட்டு வரையும் திறந்தன. ஆகவே சிறு பிள்ளைகள் ஏறத்தாழ 19 மாதங்கள் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் விட்டுச் சென்ற பிள்ளை ஐந்தாம் வகுப்பில் வந்து அமர்ந்தபோது, தன் பெயரைப் பிழையின்றி எழுதத் திணறியதைக் கண்ணால் கண்டோம்.

அக்காலத்தில் ஆசிரியர்கள் நாங்கள் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியில் வாட்ஸ்அப் குழு அமைத்துப் பாடங்களை அனுப்பினோம். கல்வித் தொலைக்காட்சியைப் பார்க்கச் சொன்னோம். "பாடம் அனுப்பப்பட்டது" என்று மேலிடத்துக்கு எழுதினோம். அனுப்பியது சேர்ந்ததா என்று கேட்க மறந்தோம்.

நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கணக்கில் வகுப்பிலேயே முதல்வள். "டீச்சராகப் போகிறேன் சார்" என்று கேட்டவரிடமெல்லாம் சொல்லுவாள். அவள் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். இரவு அவர் திரும்பும்போது அதில் இணையத்துக்குப் பணம் இராது. குழுவில் அவள் பெயர் இருந்தது, அவள் இல்லை. அவள் வீடு பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர். நம்மிடம் இருசக்கர வண்டி இருந்தது. ஊரடங்கு தளர்ந்த மாதங்களில் நாம் போயிருக்கலாம். போகவில்லை.

பள்ளி திறந்து மூன்று வாரங்களாகியும் அவள் வராதது கண்டு, அவள் வீட்டுக்குப் போனோம். தாயார் எழுந்து நின்று, "போன வைகாசியிலேயே கல்யாணம் முடித்துவிட்டோம் சார். வேலையில்லை, பள்ளிக்கூடமும் இல்லை. வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றார். அவர் குரலில் குற்ற உணர்வு இருந்தது. நம் நெஞ்சில் அதைவிட மிகுதியாக இருந்தது. பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் முடிப்பது சட்டப்படி குற்றம் என்பதை அறிந்தவர் நாம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்தவரும் நாமே. ஆனால் சுவரில் எழுதிய எண் தானாக நடந்து வீட்டுக்குப் போகாது.

அன்று கற்ற பாடம் இது: பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு; பிள்ளை இருப்பது வேறு. நம் சமுதாயத்துப் பிள்ளை பள்ளியை விட்டு ஒரு மாதம் விலகினால், அப்பிள்ளையைப் பிடித்துக்கொள்ள உலகில் பல கைகள் காத்திருக்கின்றன. செங்கற்சூளை காத்திருக்கிறது, நூற்பாலை காத்திருக்கிறது, மணவறை காத்திருக்கிறது. அக்கைகளுக்கு முன் நம் கை நீள வேண்டும்.

நல்லதும் நடந்தது, அதனையும் கூறுவோம். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மாலை வேளையில் தன்னார்வலர்கள் தெருவிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் திட்டம் அது. நம் இரவுப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்ற பெண்கள் மூவர் அதில் சேர்ந்தனர். தெருவிளக்கின் கீழ்ப் பாய் விரித்து அவர்கள் கற்பித்ததால், எழுத்தை மறந்த பிள்ளைகள் ஓராண்டில் மீண்டனர். அதே 2020ஆம் ஆண்டில்தான் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டமும் வந்தது. இருண்ட காலத்திலும் கதவு திறக்கும். ஆனால் கதவு திறக்கும் நாளில் நம் பிள்ளை வாசலில் நிற்க வேண்டும்.

கற்றவன் சொல்

இப்போது கூறவிருப்பது நம் சொந்தத் துயரம். பொதுமேடையில் இதனைக் கூறலாமா என்று பலமுறை எண்ணினோம். இளைஞர்களுக்குப் பயன்படும் என்பதனால் கூறுகிறோம்.

நம் தமையனார் நம்மைவிட எட்டு வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்று, மாடு மேய்த்தும் கரும்பு வெட்டியும் நம்மைப் படிக்க வைத்தவர். நாம் பி.ஏ., பி.எட். என்று பெயருக்குப் பின்னால் எழுதும் எழுத்துகள் அவர் தோள் சுமந்தவை. குடும்பத்தில் எந்த முடிவையும் அவர் நம்மைக் கேளாமல் எடுத்ததில்லை. "தம்பி படித்தவன், அவனைக் கேட்போம்" என்பார்.

தடுப்பூசி 2021 சனவரி 16 அன்று தொடங்கிற்று. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தோர்க்குப் போடப்பட்டது. சட்டமன்றத் தேர்தல் பணி இருந்தமையால் நாம் மார்ச்சிலேயே போட்டுக்கொண்டோம். இரண்டு நாட்கள் காய்ச்சலும் உடல்வலியும் இருந்தன. அந்த வாரத்தில் தமையனார் வந்து, "தம்பி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிறார்களாம். நான் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. நமக்கு வந்த காய்ச்சலை நினைத்து, "கொஞ்சம் பொறுங்கள் அண்ணே, பார்த்துக்கொண்டு போடலாம்" என்றோம். ஏப்ரலில் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஒருவர் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். ஊசியே காரணம் என்ற வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. இரண்டிற்கும் தொடர்பில்லை என்று பின்னர் வல்லுநர் குழு ஆய்ந்து கூறிற்று. ஆனால் அன்று நாம் அந்த வதந்திக்குச் செவி கொடுத்தோம். தமையனார் மறுபடியும் கேட்டார். மறுபடியும் "பொறுங்கள்" என்றோம்.

மே மாதம் இரண்டாம் வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் மூச்சுத் திணறல். உயிர்வளிப் படுக்கைக்காகப் பலரும் காத்திருந்த நாட்கள் அவை. இடம் கிடைத்தது, காலம் கடந்து கிடைத்தது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். முகத்தைக் கூட முழுமையாகப் பார்க்க முடியவில்லை.

ஊசி போட்டிருந்தால் அவர் உறுதியாகப் பிழைத்திருப்பார் என்று எவராலும் கூற இயலாது. ஆயினும், நீரிழிவு உள்ளவர்க்கே இந்நோய் கடுமையாக வரும், ஆகவே அவர்களே முதலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் கூறியிருந்தனர். அதனைப் படித்தறியும் அறிவு நமக்கு இருந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்கும் வாய்ப்பும் இருந்தது. கேட்கவில்லை. நம் அச்சத்தையே அறிவுரையாகக் கொடுத்தோம்.

தடுப்பூசி என்பது என்ன? கிருமியின் அடையாளத்தை உடம்புக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது. உண்மைக் கிருமி வரும்போது உடம்பு அதனை அடையாளம் கண்டு எதிர்க்கும். ஊசி போட்டபின் வரும் சிறு காய்ச்சல், உடம்பு பாடம் கற்கிறது என்பதன் அறிகுறியே. நம் பாட்டியார் முகத்தில் பெரியம்மைத் தழும்புகள் இருந்தன. இன்று இங்கே அமர்ந்திருக்கும் எந்த இளைஞர் முகத்திலும் அத்தழும்பு இல்லை. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது, ஒழித்தது தடுப்பூசிதான். இவற்றையெல்லாம் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக் கேட்டும், நம் வீட்டு வாசலில் அது கேள்வியாக வந்தபோது விடை தவறிவிட்டோம்.

இளைஞர்களே, நம் சமுதாயத்தில் கற்றவன் சொல்லுக்குக் கனம் அதிகம். ஒரு தெருவே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். அறியாததை, "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, உண்மையாகவே போய்க் கேட்டு வாருங்கள். கைப்பேசியில் வந்ததை அப்படியே அடுத்தவர்க்கு அனுப்பாதீர்கள். பட்டம் என்பது பேசுவதற்குக் கிடைத்த உரிமை மட்டுமன்று. பேசுமுன் உண்மையை அறிந்துகொள்ள வேண்டிய கடமையும் ஆகும்.

கைதட்டலும் கூலியும்

தமையனாரை அடக்கம் செய்ய உறவினர் வர அஞ்சினர். முழு உறை அணிந்து குழி தோண்டி, முறையாக வைத்து, மலர் தூவியவர்கள் நம் பள்ளியில் படித்துத் தூய்மைப் பணியில் இருக்கும் இருவர். "சார், நீங்கள் தள்ளி நில்லுங்கள், அண்ணனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றனர். அவர்கள் பத்தாம் வகுப்பில் தேறாதபோது கடுமையாகப் பேசியவர் நாம். அன்று அவர்கள் முன் தலை குனிந்து நின்றோம்.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியது. தூய்மைப் பணியாளர்க்கு மாலை அணிவித்தனர். மகிழ்ச்சியே. ஆனால் மாலை வாடிவிடும், கைதட்டல் ஊதியமாகாது. குப்பை அள்ளுவோர்க்கும் பிணம் அடக்குவோர்க்கும் கையுறை, காலுறை, நிலையான வேலை, நியாயமான கூலி ஆகியவையே உண்மையான மாலை. அதனைக் கேட்பது நம் சங்கத்தின் கடமை. அவர்கள் பிள்ளைகள் அதே வேலைக்குத்தான் வர வேண்டும் என்ற விதியை மாற்றுவது அதனினும் பெரிய கடமை.

இனிச் செய்ய வேண்டுவன

துன்பத்தைச் சொல்லி அமர்ந்துவிடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே சங்கத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: தெருவில் உள்ள முதியோர், நீரிழிவு, இரத்த அழுத்தம், காசநோய் உள்ளோர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் பட்டியல் சங்கத்தில் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அதனைத் திருத்தி எழுதுக. விரலில் மாட்டி உயிர்வளி அளவு காணும் சிறு கருவி இரண்டும், வெப்பமானியும் சங்கத்தில் இருக்கட்டும். அளவு 94க்குக் கீழே இறங்கினால் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு வீடும் அறிக.

இரண்டு: பள்ளிப் பிள்ளைகள் பட்டியல் ஒன்று வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து ஒரு வாரம் பள்ளிக்கு வராவிட்டால், ஆசிரியர் வருமுன் சங்கத்தார் அவ்வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பள்ளி மூடினாலும் இரவுப் பள்ளி மூடலாகாது. திறந்த வெளியில், இடைவெளி விட்டு, நடத்த முடியும் என்பதைக் கண்டுவிட்டோம்.

மூன்று: குடும்ப அட்டை, சாதிச் சான்று, பிறப்பு இறப்புச் சான்று, மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் ஒரே உறையில் பாதுகாக்க வேண்டும். கொரோனாவில் இறந்தோர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 இலட்சம் ரூபாய் வைப்பும், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 இலட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. நம் வட்டத்தில் சான்றிதழ் சரியாக இல்லாமையாலும் மனு எழுதத் தெரியாமையாலும் அலைந்த கைம்பெண்களைக் கண்டோம். சங்க இளைஞர்கள் எழுதிக் கொடுத்த பின்னரே சிலருக்குக் கிடைத்தது. படிப்பின் பயன் பட்டணத்து வேலை மட்டுமன்று; இதுவும் அதன் பயன்.

நான்கு: பஞ்சகால நிதி. நம் தாய்மார்கள் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைக்கும் பழக்கம் பழையது. ஊரடங்கின் முதல் மாதத்தில் ரேஷன் அரிசி வந்து சேருமுன் பல அடுப்புகள் எரிந்தது அந்தப் பிடியரிசியாலேயே. அதனைச் சங்கத்தின் பெயரால் ஒழுங்காக நடத்துவோம். மாதம் பத்து ரூபாய் சேர்ந்தாலும் நிதி நிதியே.

ஐந்து: அச்சம் வரும் நாளில் நம்மில் நலிந்தவரை வெளியே தள்ளாதிருத்தல் வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை, பட்டியலும் வேண்டியதில்லை. ஆனால் ஐந்தினுள்ளும் அரியது இதுவே. ஊரார் போட்ட முள்ளை மனு எழுதி அகற்றலாம். நம் மனத்தில் போட்ட முள்ளை நாமே குனிந்து எடுத்தாக வேண்டும்.

பெரியோர்களே, இளைஞர்களே! பேச்சை முடிக்குமுன் ஒரு செய்தி. நாம் முன்பு கூறிய அந்த மாணவி, சென்ற ஆண்டு கைக்குழந்தையுடன் தாய்வீடு வந்தபோது நம்மைக் காண வந்தாள். "சார், நான் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாமா?" என்று கேட்டாள். தமையனார் கேட்ட கேள்வி நம் காதில் விழுந்தது. இம்முறை "பொறு" என்று சொல்லவில்லை. அன்றே அவளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனோம், விதிமுறைகளைக் கேட்டறிந்தோம், விண்ணப்பத்தை நிரப்பினோம். இப்போது அவள் நம் இரவுப் பள்ளியில் படிக்கிறாள். குழந்தையைச் சங்கத்துத் தாய்மார்கள் மாறி மாறி வைத்துக்கொள்கிறார்கள். அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

நோய் நம்மிடமிருந்து பலவற்றைப் பறித்தது. பறித்தவற்றுள் சிலவற்றையேனும் நாம் மீட்க முடியும். அதற்காகவே இச்சங்கம். பொன்விழா நாளில் நாம் இராமற் போகலாம். அன்று இம்மேடையில் நிற்பவர், "எங்கள் தெருவில் ஒரு பெயர் கூடப் பதிவேட்டிலிருந்து தவறவில்லை" என்று கூறுவாராக.